ஒரு தடவைதான் கேட்பார்

எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடம் குடியிருந்த அம்மாவிடம் ‘வேண்டாம்’ என்று ஒரு தடவைதான் சொல்ல முடியும். இரண்டாவது தடவை சொல்ல வாய்ப்பே தரமாட்டார்.

குடிவந்த புதிதில் ஒருநாள் கதவிடுக்கில் ஒரு தாள் கிடந்தது. ‘அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு நீங்கள் இருவரும் டீ சாப்பிட வர முடியுமா?’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். எங்கள் வாசலிலிருந்து அவர் வாசலுக்குப் பதினெட்டுப் படி. அதை ஏறப் பன்னிரண்டு நாள் முன்னறிவிப்பு. எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கே முந்தின நாள் போன் பண்ணி, “பத்திரிக குடுக்க நேரமில்ல, வந்துடுங்க” என்கிற ஆட்கள். நானும் என் மனைவி கஸ்தூரியும் அந்தத் தாளை ஒரு வாரம் பிரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம்.

அந்த வியாழக்கிழமை பார்த்து பொதட்டூர்பேட்டையிலிருந்து என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள். அவரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். வந்தவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவர்களையும் சேர்த்துக்கொண்டு நாலேகாலுக்கு மாடி ஏறினோம். மேசையில் மூன்று கோப்பை, மூன்று தட்டு. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எங்களை எண்ணிப் பார்த்தார். உள்ளே போய் இன்னும் இரண்டு கோப்பை எடுத்துவந்தார்.

அவரே சுட்ட பன். ஏலக்காய் வாசனை கூடம் முழுக்க. தட்டைக் கஸ்தூரியிடம் நீட்டினார். அவள், “ஐயோ, வேண்டாங்க” என்றாள்.

“சரி” என்று அந்த அம்மா அவள் பங்கை டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

கஸ்தூரியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மூன்று தடவை வேண்டாம் என்பது மரியாதை, நாலாவது தடவை எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே முதல் தடவையிலேயே டப்பா மூடிக்கொண்டது. திரும்பிப் படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இனிமே அந்தம்மா நீட்னா மொத வாட்டியே புடுங்கிக்கணுங்க.”

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டியருகே பார்த்தபோது அந்த அம்மா கஸ்தூரியிடம், “போன தடவைக்கு நன்றி” என்றாராம். எந்தப் போன தடவை என்று இவள் முழித்திருக்கிறாள். டீ சாப்பிட வந்ததற்கு. டென்மார்க்கில் அப்படித்தானாம். ஒன்றாக உட்கார்ந்து பொழுதைக் கழித்தவர்கள் மறுபடி சந்தித்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டுமாம். கஸ்தூரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவளும் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த அம்மாவுக்கும் டென்மார்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல மறந்துவிட்டேன். பூர்வீகம் ஆர்.கே. பேட்டைப் பக்கம், பழைய கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணமில்லை. இருபது சொச்சம் வயதில் ஒரு பாதிரியார் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள டென்மார்க் போனவர், அறுபதைத் தாண்டித் திரும்பி வந்தார். ஏன் எங்கள் திருத்தணிக்கு வந்தார் என்றால், மலை தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் வேண்டும் என்றார். அந்த நாட்டில் மலையே கிடையாதாம்.

நான் மலையடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு ரூம். கிருத்திகைக்கும் முகூர்த்த நாளுக்கும் நிரம்பும், ஞாயிற்றுக்கிழமை நிரம்பி வழியும். வாயை வைத்துத்தான் பிழைப்பு. வருகிறவன் எந்த ஊர், என்ன வேண்டுதல், எங்கே மொட்டை போடலாம், எத்தனை மணிக்கு ஏறினால் கூட்டம் குறைவு, எல்லாம் நானே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் வீடு பார்க்க வந்தவரைச் சும்மா விடுவேனா?

“அங்க இன்னா வேலம்மா பாத்தீங்க?”

“ஆஸ்பத்திரியில. நோயாளிங்க கூட இருந்தேன்.”

“ஓ, ஆயா வேலையா.”

“எல்லா வேலையும் செஞ்சேன்” என்றார்.

அவ்வளவுதான். மறுநாளே தெரு முழுக்க, வெளிநாட்டில் ஆயா வேலை பார்த்த அம்மா என்று நானே சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. பிறகொரு நாள் கஸ்தூரியிடம் சொல்லியிருக்கிறார். “அங்க யாரும் தன்னப் பத்தி ஒசத்தியாப் பேச மாட்டாங்க, கஸ்தூரி. பேசினா மத்தவங்க மூஞ்சி மாறிடும். இப்படி இருக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. இருந்து இருந்து வந்துடும்.” கஸ்தூரி இதை என்னிடம் சொன்னபோது நான் பல்லைக் குத்திக்கொண்டு, “ஆயா வேலையில ஒசத்தியாப் பேச இன்னா இருக்குது” என்றேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இன்று எனக்கு மறைக்கத் தெம்பில்லை.

என்னை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். தம்பி கிடையாது, சார் கிடையாது. “முனிரத்தினம், தண்ணி வரல, பாக்கறீங்களா?” லாட்ஜ் ஆட்கள் முன்னால் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்காரனை, அதுவும் குடியிருக்கிறவர், பேர் சொல்லி. ஒரு மாதம் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணையும் அதே குரலில், அதே ‘ங்க’ போட்டுப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

ஒருமுறை அரக்கோணம் பஸ்ஸில் பக்கத்து சீட். திருத்தணியில் ஏறினோம், அரக்கோணத்தில் இறங்கினோம். இடையில் ஒரு வார்த்தை இல்லை. என்ன கோபமோ என்று இறங்கினதும் கேட்டேன். “நீங்க ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தேன்” என்றார். நான் பேச ஆள் கிடைக்காமல்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரியின் பிறந்தநாளன்று ஒரு பன்மேல் சின்னக் காகிதக் கொடி குத்தி எடுத்துவந்தார். சிவப்பில் வெள்ளைச் சிலுவை. எங்கள் தெருவில் கொடி என்றால் ஒன்று கட்சி, இல்லை கோயில். எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னாப்பா, மதம் மாத்தறாங்களா?” என்றார். அங்கே பிறந்தநாளுக்கு வீட்டில் கொடி வைப்பார்களாம், அவர்கள் நாட்டுக் கொடி. ஐம்பது வயதில் கஸ்தூரிக்குக் கிடைத்த முதல் பிறந்தநாள் மரியாதை அது. ஆதார் கார்டு பார்த்துத்தான் எனக்கே தேதி தெரியும். கொடியைத் துடைத்து அவள் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

கொடி வந்த வருடம்தான் கட்டியும் வந்தது.

ஆடிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு காட்டினாள். இடது மார்பில், சுண்டைக்காய் அளவு. எப்போதிலிருந்து என்றால், கூட்ட நேரத்தில் உங்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டாளாம். இங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டு, ஊசி வைத்து எடுத்துச் சோதிக்க வேண்டும், சென்னைக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அன்று மாலையே பாவா வந்து இறங்கினார்.

“ஊசியும் வெக்க வேணாம், கத்தியும் வெக்க வேணாம் மச்சான். கத்தி பட்டா ஒடம்பு பூரா பரவிடும். எங்க தெருவுல ஒரு பொம்பள, ஆபரேஷன் பண்ணி நாலே மாசம். பள்ளிப்பட்டு தாண்டி, ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு வேர் குடுக்கறாரு. பைசா வாங்கறதில்ல. எத்தினியோ பேரு எழுந்து நடந்துகினு இருக்காங்க.”

பைசா வாங்காதவன் ஏமாற்ற மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். பயத்தை யோசனை மாதிரி பேசத் தெரிந்தவன் நான். கஸ்தூரியிடம், “வேரே பாத்துடலாம்” என்றேன். அவள், “ஆங், சரிங்க” என்றாள்.

அந்த வைத்தியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி கைவிட்டவர்களுக்கு மட்டும்தான் வேர் தருவார். மற்றவர்களை முதலில் டாக்டரிடம் போகச் சொல்லித் திருப்பிவிடுவார். பாவா இதை வழியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். “கைவிட்டுட்டாங்கன்னு சொல்லு மச்சான், இல்லன்னா குடுக்க மாட்டாரு.” வெற்றிலை பாக்கை வைத்துவிட்டு நானும் சொன்னேன். “சென்னைக்கே போய் வந்தோம் ஐயா, கை விரிச்சிட்டாங்க.” தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிற பெரியவர் அவர். கஸ்தூரியை நிமிர்ந்து பார்த்து, ‘ஐயோ பாவம்’ என்கிற மாதிரி நாக்கைத் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசிச் சோதனைகூடச் செய்யாதவளை, கைவிடப்பட்டவள் என்று நானே என் வாயால் சொன்னேன். அந்த மனுஷர்மேல் இன்றுவரை எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொய் என்னுடையது.

விடியற்காலையில் வெறும் வயிற்றில் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். இலையை அரைத்துக் கட்டிமேல் பத்துப் போட வேண்டும். புளி, கத்திரிக்காய், கருவாடு ஆகாது. கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவள், வாய் திறக்காமல் பத்தியம் இருந்தாள். ஞாயிறுதோறும் புதுப் பொடி வாங்கப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லாட்ஜை விட்டு நான் நகர்ந்ததே கிடையாது. இதற்காக ஆள் போட்டுவிட்டுப் போனேன். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால், வழியில் ஒரு மாந்தோப்பு ஓரம் நிறுத்தி இட்லியைப் பிரிப்போம். அவளுக்கு நான் பிரித்துக் கொடுப்பேன், அவள் கையில் பத்து ஒட்டியிருக்கும். பிறகு வைத்தியர் வீட்டில் காத்திருந்து, வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுவோம். எனக்கு அது ஒரு வேலை. டேங்க் நிரப்புகிற மாதிரி, பில் கட்டுகிற மாதிரி.

திங்கட்கிழமை காலையில் காப்பியைக் கையில் கொடுக்கும்போது கஸ்தூரி, “போன தடவைக்கு நன்றிங்க” என்பாள். மாடி அம்மாவைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து, “காப்பியக் குடு மொதல்ல” என்பேன்.

இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரும் ஒரு மருந்தோடு வந்தார்கள். முள்சீத்தா இலை, பசு மூத்திரம், பச்சை மஞ்சள், கருஞ்சீரகம். போனைத் திறந்தால் நாற்பது வீடியோ. பெங்களூரில் இருக்கிற எங்கள் பையன்கூட ஒன்று அனுப்பினான். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது சலித்துவிட்டது. மாடி அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை பன்னைத் துணியில் சுற்றி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்போது எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நல்ல வேளை, இந்த ஆயாவாவது வைத்தியம் சொல்லாமல் இருக்கிறாளே என்று நினைத்தேன்.

பொங்கல் வந்தது, போனது. கட்டி எலுமிச்சை அளவாகி, மேல்தோல் சிவந்து இறுகியது. “வெளிய தள்ளுது மச்சான், நல்ல குறி” என்றார் பாவா. பங்குனியில் அவருக்குப் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. இங்கிலீஷ் மருந்துக்காரன் கேன்சருக்குக் கொடுக்கிற ஊசியே நித்யகல்யாணிச் செடியிலிருந்துதான் எடுக்கிறான், நாம் நேரே செடியையே குடித்துவிடலாம் என்று. நித்யகல்யாணி மாடியில் தொட்டி தொட்டியாக இருந்தது. அந்த அம்மா வளர்த்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர் சர்ச்சுக்குப் போயிருந்தார். வீட்டுக்காரன் வீட்டு மாடி, யாரைக் கேட்க வேண்டும்? பாவா ஏறிப் போய் நாலு தொட்டியையும் மொட்டையடித்துவிட்டு வந்தார். இலை, பூ, தண்டு எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு டம்ளர் கஷாயம். ஒன்றைக் கஸ்தூரி கையில் கொடுத்தார்.

மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு படியில் தடதடவென்று காலடி. ஆறு வருடத்தில் அந்த அம்மா சொல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். கதவைத் தட்டவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. நேரே வந்து கஸ்தூரி கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினார். மற்றதையும் ஊற்றினார்.

“குடிச்சீங்களா? எவ்வளவு குடிச்சீங்க?”

“இன்னும் வாயில வெக்கலங்க” என்றாள் கஸ்தூரி.

பாவாவுக்கு வந்ததே கோபம். “இன்னாம்மா நீ, உன் வேல எதுவோ அத்தப் பாரு. செடி போனா போவுது, வாங்கிக் குடுக்கறோம். ஆயாவுக்கு இன்னா தெரியும் வைத்தியத்தப் பத்தி?”

“இது வெஷம்” என்றார் அந்த அம்மா. “இதுலேர்ந்து எடுக்கற மருந்த நான் ஏத்தியிருக்கேன். ஒரு ஊசி ஏத்தணும்னா ரெண்டு நர்ஸ் அளவு பாத்துக் கையெழுத்துப் போடணும். கேன்சர் வார்டுல இருபத்தாறு வருஷம் இருந்தேன். முனிரத்தினம், நாளைக்குக் காலையில கஸ்தூரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

எனக்கு வாய் திறந்துகொண்டது. கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். “நர்ஸா? இருபத்தாறு வருஷமா? ஏழு மாசமா மேல ஒக்காந்துகினு வேடிக்க பாத்துகினு இருந்தீங்களா? பன் சுட்டுக் குடுக்கத் தெரிஞ்சுது, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா? நீங்கல்லாம் மனுஷங்களா?”

அவர் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். பயத்தில் என்று நினைத்தேன். அந்த அம்மா கீழே குனிந்து, தான் செருப்போடு நிற்பதைப் பார்த்து, “மன்னிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்புக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறார் போலிருக்கிறது என்று அதற்கும் எரிந்துவிழுந்தேன்.

சென்னையில் பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்கவில்லை. எலும்புக்குப் போய்விட்டது. முழுசாகக் குணமாக்க முடியாது, தள்ளிப்போடலாம் என்றார். “ஆரம்பத்துலயே வந்திருக்கலாமே” என்று அவர் சொன்னபோது, மாடி அம்மாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. என் முகம் வரவில்லை. பழி போட ஓர் ஆள் இருந்தால் மனுஷனுக்கு அது பெரிய ஊன்றுகோல். இரண்டு வருடத்துக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

மாடி அம்மாவோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். காலி பண்ணச் சொல்லலாம் என்றேன். கஸ்தூரி, “அவங்க போனா நானும் போறேன்” என்றாள். அவள் அப்படிப் பேசியதே இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா கீழே வருவார். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்ட நேரம். மூன்று நிமிடம் முன்னால் வந்துவிட்டால் படியிலேயே நின்று, பத்தானதும் தட்டுவார். மருந்தேற்றி வந்த வாரங்களில் கஸ்தூரிக்குப் பேச முடியாது. அந்த அம்மா பேசவைக்க மாட்டார். ‘சரியாப் போயிடும்’ என்று ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம், சும்மா. மற்றவர்கள் வந்துபோனால் கஸ்தூரி சுருண்டு படுத்துவிடுவாள். இவர் வந்துபோனால் எழுந்து கஞ்சி குடிப்பாள். அதைப் பார்த்தும் நான் மனம் இறங்கவில்லை.

அடுத்த வருடம் ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், கஸ்தூரி போய்விட்டாள். சாவு வீட்டுக் கூட்டத்தில் அந்த அம்மா தன் முறை வரும்வரை ஓரமாக நின்றார். சாவு வீட்டில் ஏது முறை? எல்லோரும் முட்டி மோதி அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியில் வந்து கையை நீட்டினார். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டு படியேறிப் போனார். ஒரு தடவைதான்.

வருடம் திரும்புவதற்குள் கதவிடுக்கில் இன்னொரு தாள். மூன்று மாதத்தில் காலி செய்கிறேன், உடம்பு முடியவில்லை, தங்கச்சி மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று. நல்லது என்று மடித்து வைத்தேன்.

அந்த மூன்று மாதம் முடியும் சமயத்தில்தான் பீரோவை ஒழித்தேன். பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே அந்தக் காகிதக் கொடி. அதன் அடியில் நாலாக மடித்த தினசரிக் காலண்டர் தாள், எங்கள் வீட்டுக் காலண்டருடையது. முன்பக்கம் புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் வேர் சாப்பிட ஆரம்பித்த வருடம். பின்பக்கம் முத்து முத்தான கையெழுத்தில் சென்னை ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், என்ன சோதனை கேட்க வேண்டும் என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தது: ‘இந்த வாரமே.’

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். “அம்மா, நாளைக்கு நாலு மணிக்கு வரலாங்களா?”

“வாங்க, முனிரத்தினம்” என்றார், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த மாதிரி.

மூன்று ஐம்பத்தாறுக்கே ஏறிவிட்டேன். நாலாகும்வரை கதவுக்கு வெளியே நின்றேன். அறையெல்லாம் அட்டைப்பெட்டி. நித்யகல்யாணி மறுபடி பூத்திருந்தது. மேசையில் இரண்டு கோப்பை. பன் தட்டை நீட்டினார். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டேன். காலண்டர் தாளை மேசைமேல் வைத்தேன்.

“இத நீங்க எழுதினதாம்மா?”

“ஆமா.”

“அவ வந்து கேட்டாளா?”

“கேட்டாங்க. நீங்க லாட்ஜுக்குப் போன பிறகு மேல வந்தாங்க. தொட்டுப் பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். இந்த வாரமே போங்கன்னு சொல்லி எழுதிக் குடுத்தேன். பொங்கல் வரைக்கும் போகட்டும், அப்புறம் நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன், நீங்க சொல்லக் கூடாதுன்னாங்க. பொங்கல் முடிஞ்சதும் போய் ஞாபகப்படுத்தினேன். இன்னும் ரெண்டு வாரம்னாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு வாரம்.”

“இன்னாத்துக்கு?”

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “தெரிஞ்சிக்கணுமா?” என்று ஒரு தடவை கேட்டார்.

“ஆங்.”

“அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். ‘கல்யாணமாயி இருபத்தேழு வருஷத்துல அவரு என்ன மட்டும் கூட்டிகினு போற எடம் இது ஒண்ணுதாங்க. லாட்ஜ விட்டுட்டு வராரு. மாந்தோப்புல நிறுத்தி, இட்லியப் பிரிச்சிக் கையில குடுக்கறாரு. ஆஸ்பத்திரின்னு ஆரம்பிச்சா வூடு பூரா சனம் வந்துடும், அவரு ஆளாளுக்கு போன் பேசிகினு இருப்பாரு. கொஞ்ச நாளு இப்படியே போவட்டுங்க.’ அறுக்கறதுன்னா பயமும் இருந்துது. ரெண்டும்தான்.”

திங்கட்கிழமைக் காப்பி டம்ளர்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன.

“நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது” என்றார் அந்த அம்மா. “அவங்க ஒடம்பு, அவங்க முடிவு, நாம தலையிடக் கூடாதுன்னு இருந்து இருந்து பழகிட்டேன். அங்க அது சரியா இருந்திருக்கும். இங்க சரியான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தூங்க முடியறதில்ல.”

“அன்னைக்கு அவ்வளவு திட்டினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“அவங்க உயிரோட, எதிர்ல உக்காந்திருந்தாங்க.”

ஜன்னலில் மலை தெரிந்தது. யாரோ காவடியோடு படியேறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் ஒன்று கேட்க இருந்தது. கேட்காமல் இறங்கிவிடலாம் என்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்தேன்.

“அந்த ஏழு மாசத்துல ஒரு நாளு நான் மாடியேறி வந்து, இன்னாம்மா பண்றது, உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னு கேட்டிருந்தா?”

“சொல்லியிருப்பேன். அத கஸ்தூரிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். நானாப் போய்ச் சொல்ல மாட்டேன், ஆனா உங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்.”

“அதுக்கு இன்னா சொன்னா?”

“சிரிச்சாங்க. ‘அவரு கேக்க மாட்டாருங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே’ன்னாங்க.”

நான் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.